தலையணைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

ஜீப் ஒரு நாள் முன்னதாகவே வந்து தொலைத்தது.

டீச்சர் அப்போது முகாம் அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாளைக்கு வரப்போகும் கல்வி அதிகாரி உட்கார ஒரு நாற்காலி இரவல் வேண்டும், அதுவும் கைப்பிடி ஆடாத நாற்காலி வேண்டும் என்று குமாஸ்தாவிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முகாமின் மறுகோடியிலிருந்து அவள் கொழுந்தனின் குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"கரண்ட் போச்சே...! கரண்ட் போச்சே...!"

டீச்சர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே அலுவலகத்து மின்விசிறி நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கரண்ட் இருக்கும்போது கொழுந்தன் அப்படிக் கத்தினால், பட்டன்காரர்கள் வருகிறார்கள் என்று பொருள். பித்தளைப் பட்டன் வைத்த சீருடை போட்ட எவரும் பிள்ளைகளின் பாஷையில் பட்டன்காரர்தான். தையல் கூடத்து வாசலில் இஸ்திரி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் கொழுந்தனுக்குத் துணி தேய்ப்பது பெயருக்குத்தான். காவல் இருப்பதுதான் உத்தியோகம்.

"ஏம்மா, நாற்காலி வேணாமா?" என்று குமாஸ்தா கூப்பிட்டபோது டீச்சர் பாதித் தூரம் ஓடியிருந்தாள்.

கூடத்துக்குள் இந்நேரம் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். சுவரில் சாய்ந்திருக்கும் நீளப் பலகையைப் பெரிய பிள்ளைகள் நால்வர் தூக்கி, கறுப்பு மை பூசிய பக்கம் கீழே போகும்படி முக்காலிகள் மேல் போட்டிருப்பார்கள். அவ்வளவுதான், கரும்பலகை போய்த் துணி வெட்டும் மேஜை வந்துவிடும். புத்தகங்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தைக்கும் தலையணை உறைகளுக்குள் போய், வாயில் ஒரு பிடி பஞ்சு அடைபட்டு, அடுக்காகிவிடும். மெஷின்கள் கடகடவென்று ஓட ஆரம்பிக்கும். ஒருவர் நன்றாகத் தும்மி முடிப்பதற்குள் ஒரு பள்ளிக்கூடம் காணாமல் போய்விடும்.

பழக்கியது அவளேதான். இந்த முகாமில் பள்ளிக்கூடத்துக்கு அனுமதி கிடையாது. எல்லை தாண்டி வந்தவர்கள் தற்காலிகமானவர்கள். தற்காலிகமானவர்களுக்குப் பாடம் எதற்கு, கைத்தொழில் போதும் என்பது மேலிடத்துக் கணக்கு. ஆகவே வெளியே தையல் பயிற்சிக் கூடம் என்று பலகை தொங்கியது. உள்ளே தையல் மாஸ்டரம்மா என்ற பெயரில், சட்டைப் பட்டன் அறுந்தால்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துத் தைத்துக்கொள்ளும் ஒரு டீச்சர் இருந்தாள். அவளும் எல்லை தாண்டி வந்தவள்தான்.

இப்போது காற்று மாறியிருந்தது. ஏற்கெனவே ஓசையில்லாமல் நடக்கும் முகாம் பள்ளிகளை அங்கீகரிக்கலாம், பெரிய வகுப்புப் பிள்ளைகள் அரசுப் பொதுத்தேர்வு எழுதலாம் என்று புது உத்தரவு வந்திருந்தது. டீச்சர் தானே கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். அந்தத் தேர்வை எழுதினால் இந்தப் பிள்ளைகள் வெளியே கல்லூரிக்குப் போகலாம், வேலை கேட்கலாம். எழுதாவிட்டால் ஆயுசு முழுக்கத் தலையணை உறைதான்.

உத்தரவின் கடைசியில் ஒரு வாலும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மன்னிப்பு உண்டு. அனுமதியில்லாமல் அதை நடத்தியவருக்குக் கிடையாது. அவர் வேறு முகாமுக்கு மாற்றப்படுவார், இனிமேல் பாடம் நடத்தத் தடை.

அந்த வாலை அவள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. 'நாளைக்கு ஒரு மேடம் வருவாங்க, ஒளிக்க வேண்டாம்' என்று மட்டும் இன்று சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்திக்கொண்டே வந்திருந்தாள். முதலாவதைச் சொன்னால் இரண்டாவதைக் கேட்பார்கள். கேட்டால் அவளுக்குப் பொய் வராது.

ஜீப்தான் முந்திக்கொண்டது.

கூடத்து வாசலில் கொழுந்தன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அண்ணி, போலீஸ் ஜீப்பு, போலீஸ் டிரைவர். நான் வேற என்னத்தைக் கண்டேன்? கத்திட்டேன். அப்புறம் பார்த்தா உள்ளேர்ந்து கைப்பையோட ஒரு அம்மா இறங்குறாங்க. கல்வி இலாகா வண்டி ரிப்பேராம். இரவல் வண்டியாம்!"

"அவங்க எங்கே?"

"உள்ளதான். பிள்ளைங்க பின்னி எடுக்கறாங்க, அண்ணி."

உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பஞ்சுத் தூசியில் கண் கலங்கி, மூக்கை உறிஞ்சியபடி, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் தலையணை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பித்தளைப் பட்டன்கள் பளபளக்க டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

அதிகாரி இடமும் வலமுமாய் நெளிந்தாள். "என்னம்மா இது, தலையணை இவ்வளவு கெட்டியா இருக்கு?"

"ஸ்பெஷல் ஆர்டர் மேடம். கழுத்து வலிக்காரங்களுக்கு," என்றாள் பூட்டு.

பதினாறு வயதுப் பெண். எத்தனை பட்டன்காரர்கள் வந்து எத்தனை விதமாய்க் கேட்டும் வாயிலிருந்து உண்மையில் ஒரு துணுக்கைக்கூடப் பெயர்க்க முடியாததால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. காலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துவதும் அவள்தான். இங்கே பெரிய வகுப்பு சின்ன வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும், டீச்சர் பெரிய வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பாள். அப்படித்தான் வண்டி ஓடியது.

டீச்சர் மூச்சு வாங்க முன்னால் வந்தாள். "வணக்கம் மேடம். விண்ணப்பம் போட்டது நான்தான். இது பள்ளிக்கூடம்தான். நீங்க நாளைக்குத்தான் வர்றதா..."

"கடைசித் தேதியை முன்னாடி இழுத்துட்டாங்க. தேர்வுக்கான பட்டியல் இன்னிக்குச் சாயங்காலம் மூடுது. ஆபீஸுக்குத் திரும்பி நான் பதிவு பண்ணியாகணும்." அதிகாரி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "பள்ளிக்கூடம்ங்கறீங்க. நான் வந்ததுலேர்ந்து கேட்கறேன். எல்லாரும் காஜா எடுக்கறதைப் பத்தித்தான் பேசறாங்க. அந்தக் குட்டி எனக்கு நூல் கண்டு விலை எல்லாம் சொல்லிடுச்சு."

அந்தக் குட்டியின் பெயர் ரேடியோ. எட்டு வயது. தூக்கத்தில்கூடப் பேசும். ஆனால் டீச்சர் பக்கம் பார்த்தபோது அதன் கண்ணில் ஒரு சின்னச் சலனமும் இல்லை.

"பிள்ளைங்களா," என்றாள் டீச்சர். "பயப்பட ஒண்ணும் இல்ல. இவங்க நம்ம மேடம். புத்தகத்தை எல்லாம் எடுங்க."

மெஷின்கள் ஓடின. ஒரு கைகூட நிற்கவில்லை.

டீச்சருக்கு அப்போதுதான் முழுசாய் உறைத்தது. தான் போட்ட விதியிலேயே தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

முந்தைய முகாமில் பாடம் நடத்தியவன் அவள் கணவன். ஒரு நாள் இரண்டு பட்டன்காரர்கள் அவன் தோளில் நட்பாகக் கை போட்டுக் கூட்டி வந்தார்கள். அவன் சிரித்த முகமாய், "பயப்படாதீங்க, புத்தகத்தை எல்லாம் எடுத்து வைங்க" என்றான். பிள்ளைகள் எடுத்து வைத்தார்கள். புத்தகங்கள் அடுப்புக்குப் போயின. அவன் எங்கே போனான் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஆகவே இந்தக் கூடத்தில் முதல் நாள் முதல் பாடமே அதுதான். 'பட்டன்காரர் முன்னாடி நான் புத்தகத்தை எடுங்கன்னு சொன்னா, அது நான் இல்ல. அழுதுகிட்டே சொன்னாலும் எடுக்காதீங்க. சிரிச்சுகிட்டே சொன்னா இன்னும் எடுக்காதீங்க. வாசல்லேர்ந்து கரண்ட் வந்துடுச்சுன்னு சத்தம் கேட்கற வரைக்கும் நான் தையல் மாஸ்டரம்மா, நீங்க தையல் பிள்ளைங்க.'

பிள்ளைகள் அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு.

"மேடம், அந்த டிரைவரைக் கொஞ்சம் வெளிய..."

அதிகாரி கண்ணைக் காட்டினாள். டிரைவர் போனான். ஒன்றும் மாறவில்லை. டீச்சர் பொறுமை இழந்து ஒரு தலையணையை இழுத்து வாயைப் பிய்த்தாள். பஞ்சோடு ஒரு அறிவியல் புத்தகம் தொப்பென்று விழுந்தது.

"பாருங்க மேடம்!"

"அது துணி வெட்டறதுக்கு மாதிரி எடுக்கற பேப்பர் மேடம்," என்றது ரேடியோ அமைதியாக. "பழைய புத்தகம்னா கிலோ கணக்குல சல்லிசா கிடைக்கும். காலர் வெட்டறதுக்கு அட்டை நல்லா நிக்கும்."

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"இத பாருங்கம்மா. பள்ளிக்கூடமே இல்லாத முகாம்ல பிள்ளைங்களைக் கூட்டி வெச்சு, ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுத்து, பள்ளிக்கூடம்னு காட்டினவங்களை நான் பார்த்திருக்கேன். அதனாலதான் புத்தகத்தைக் காட்டினா பத்தாது, பிள்ளைங்க வாயால பதில் வரணும்னு விதி வெச்சிருக்கோம். இங்க தலைகீழா இருக்கு. இதுங்க பதில் சொல்லாட்டி நான் என்ன எழுதறது? இல்லன்னுதான் எழுதணும்."

"கொஞ்சம் நேரம் குடுங்க மேடம்."

"அதுதான் என்கிட்ட இல்ல."

வாசலிலிருந்து கொழுந்தன் சைகை காட்டினான். டீச்சர் போனதும் காதோரம் குனிந்தான்.

"அண்ணி, சொல்றதைக் கேளு. ஜீப்பைக் கேட்டுக்கு வெளிய கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுவோம். அந்தம்மா துணி மூட்டைக்குப் பின்னாடி நிக்கட்டும். நான் கரண்ட் வந்துடுச்சுன்னு ஒரு சத்தம் குடுக்கறேன். பிள்ளைங்க பலகையைத் திருப்புவாங்க, புத்தகத்தை எடுப்பாங்க. அந்தம்மா கண்ணாலேயே பார்த்துடுவாங்க. சோலி முடிஞ்சுது!"

டீச்சர் உள்ளே திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள். அது நடக்கும். அவ்வளவு சுலபமாய் நடக்கும்.

"வெளியாள் உள்ள இருக்கறப்போ அந்தச் சத்தம் இதுவரைக்கும் ஒரு தடவையாவது பொய்யா வந்திருக்கா?"

"இல்ல. அதுக்கென்ன இப்போ?"

"நாளைக்கு இந்த உத்தரவை ரத்துப் பண்ணிட்டாங்கன்னா? மறுபடி ஒளிக்க வேண்டி வந்தா? அப்போ உன் சத்தத்தை எந்தப் பிள்ளை நம்பும்? ஒரு தடவை ஏமாந்துட்டா அப்புறம் நல்லதுக்குக் கூப்பிட்டாலும் வெளிய வராதுங்க."

"நாளையைப் பார்த்தா இன்னிக்கு போயிடும், அண்ணி!"

"போகட்டும். அதைச் செய்ய மாட்டேன்."

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு இஸ்திரி மேஜையில் சாய்ந்தான். உள்ளே அதிகாரி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் வழியை மறித்தாள். "மேடம், ஒரே ஒரு உதவி. இவ்வளவு நேரம் நீங்க கேட்டீங்க. இப்போ அவங்க கேட்கட்டும். நீங்க பதில் சொல்லுங்க."

அதிகாரி நின்றாள். பிள்ளைகளைப் பார்த்தாள். மெதுவாய்ப் பையை இறக்கினாள்.

"சரி. கேளுங்க."

மெஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன. பூட்டு எழுந்தாள். கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு பேச்சுக்குக் கேட்கறேன் மேடம். இங்க பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது. இருந்துச்சுன்னு வெச்சுக்குவோம். அதை நடத்தினவங்களை என்ன செய்வீங்க?"

டீச்சர் அதிகாரியின் முகத்தையே பார்த்தாள். 'ஒண்ணும் செய்ய மாட்டோம்' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் அழுதால் அழட்டும். கண்ணாலேயே கெஞ்சினாள்.

அதிகாரிக்குப் புரிந்தது. புரிந்துதான் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேற முகாமுக்கு மாத்துவாங்க. பாடம் நடத்தத் தடை போடுவாங்க. அதை நான் மறைச்சேன்னா, நாளைக்கு நீங்க எங்களை எதுலயும் நம்ப மாட்டீங்க."

பூட்டு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். 'இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?' என்று கேட்டது அந்தப் பார்வை. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ இது தையல் கூடம்தான் மேடம்," என்றாள் பூட்டு. உட்கார்ந்து மெஷினை மிதித்தாள். அவளைத் தொடர்ந்து எல்லா மெஷின்களும் கடகடத்தன.

"ஏய்!" டீச்சர் பாய்ந்து போய் அந்த மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "யாரைக் கேட்டுடி முடிவு பண்ணினே? தேர்வு எழுதப் போறது நீ! பட்டியல்ல பேர் வரணும்னு ராவும் பகலும் படிச்சது நீ!"

"நீங்க என்ன சொன்னாலும் கேட்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க, மாஸ்டரம்மா."

"என்னைக் காப்பாத்தறியா?"

"ஒரு தடவை புத்தகத்தை எடுத்து வெச்சதுக்கு ஒருத்தர் போனாரு. எங்களுக்கும் தெரியும்." பூட்டின் குரல் முதல் முறையாய் நடுங்கியது. "மறுபடி நாங்க எடுத்து வெக்க மாட்டோம்."

டீச்சர் சக்கரத்தை விட்டாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்த்ததை மறைப்பதும் தெரிந்தது. அழுது பிரயோஜனமில்லை, அழுதாலும் கேட்காதீர்கள் என்று சொல்லி வைத்தது அவள்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தினமும் கணக்குப் பாடத்தில் கேட்பது போலவே கேட்டாள்.

"சரி, நான் சொல்றதைக் கேட்க வேணாம். நான் கேட்கறதுக்கு மனசுக்குள்ள பதில் சொல்லிக்கோ. போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமக் கிடந்தேனே, அப்போ இங்க... தையல்... நின்னுச்சா?"

பூட்டு மெஷினில் கிடந்த துணியை நேராக்கினாள்.

"யார் நடத்தினது? நான் திரும்பி வந்தப்போ சின்னதுங்க எந்தப் பாட... எந்தத் துணியில இருந்துச்சு? விட்ட இடத்துலயா, தாண்டியா?"

"தாண்டி," என்று எங்கிருந்தோ ஒரு குரல் முணுமுணுத்தது.

"நான் போனா இது நிக்காது. நீ எழுதாட்டித்தான் நிக்கும். தேர்வு எழுதி வெளிய போய்த் திரும்பி வர ஒரு ஆள் இல்லன்னா, உனக்கு அடுத்தது யாரைப் பார்த்துப் படிக்கும்? அவரை நாம புத்தகத்தை எடுத்ததால இழக்கல. ஏமாத்தினதால இழந்தோம். இந்தம்மா ஏமாத்தல. நான் கண்ணைக் காட்டினேன், அப்பவும் ஏமாத்தல. நீயே பார்த்தேல்ல?"

பூட்டின் கண் அதிகாரியிடம் போய்த் திரும்பியது.

"அங்க போய் என்ன செய்வீங்க?" என்றாள் மெதுவாக.

"அங்கே தையல் கூடம் இருக்காது. சமையல் கூடம் இருக்குமாம். சமையல் மாஸ்டரம்மா ஆயிட்டுப் போறேன்."

"ஐயோ டீச்சர், உங்களுக்குச் சமைக்கவும் தெரியாதே!"

ரேடியோ. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. பொத்திய கைக்கு மேலே இரண்டு கண்கள் உருண்டன.

பட்டன்காரர் வாசலில் இருக்கும்போது இந்தக் கூடத்தில் 'டீச்சர்' என்ற சொல் இதுவரை ஒலித்ததே கிடையாது. பிள்ளைகள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அதிகாரி அசையாமல் நின்றாள்.

எல்லாக் கண்ணும் பூட்டின் மேல். அவளுக்கு இதைச் சமாளிப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. 'இதுக்கு எல்லாருமே டீச்சர்தான் மேடம், தண்ணி லாரிக்காரரைக்கூட டீச்சர்னுதான் கூப்பிடும்' என்று ஒரு வரி போதும். வாய் திறந்தது. டீச்சர் நகத்தை உள்ளங்கையில் பதித்துக்கொண்டாள்.

பூட்டு வாயை மூடிக்கொண்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நடந்து போய் நீளப் பலகையின் ஒரு மூலையைப் பிடித்தாள்.

"பார்த்துகிட்டு நிக்கறீங்களே, யாராவது அந்தப் பக்கம் பிடிங்க."

மூன்று பேர் ஓடினார்கள். துணிகள் சரிந்து விழுந்தன. பலகை எழுந்து, திரும்பி, சுவரில் சாய்ந்தது. அவசரத்தில் அழிக்காமல் விட்ட ஒரு இயற்கணிதக் கணக்கு பாதியில் நின்றுகொண்டிருந்தது. தலையணைகள் பிரிந்தன. பஞ்சு பறந்து அதிகாரிக்கு அடுக்கடுக்காய்த் தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே அவள் பேனாவைத் திறந்தாள்.

"பெரிய வகுப்பு முதல்ல. அந்தக் கணக்கை யாரு முடிக்கறீங்க?"

முடித்தார்கள். அப்புறம் வரலாறு கேட்டாள், வரைபடம் கேட்டாள், சின்ன வகுப்பை வாசிக்கச் சொன்னாள். ரேடியோ நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் அடுத்த பாடத்தையும் வாசித்தது. அதிகாரி எழுதிக்கொண்டே போனாள். கடைசியில் கையெழுத்துப் போட்டு முத்திரையை அழுத்தினாள்.

நடுவரிசையில் ஒரு பிள்ளை கையைத் தூக்கியது. "டீச்சர், ரெண்டாவது வரில குறி ஏன் மாறுது?"

டீச்சர் பலகை பக்கம் ஒரு அடி வைத்துவிட்டாள். வைத்த காலை அங்கேயே நிறுத்தினாள். முத்திரையின் மை இன்னும் காயவில்லை. ஆனால் அது விழுந்த கணத்திலிருந்து இது பள்ளிக்கூடம், அவள் தடை செய்யப்பட்டவள். சின்னத் தவறுகூட இந்தப் பிள்ளைகளின் பெயர்களைப் பட்டியலிலிருந்து கீழே தள்ளிவிடக் கூடும்.

பூட்டைப் பார்த்தாள். பூட்டு சுண்ணக்கட்டியை எடுத்தாள்.

"இங்க பாரு. சமக்குறிக்கு அந்தப் பக்கம் போகுதில்ல..."

டீச்சர் வெளியே வந்தாள். கொழுந்தன் சூடான இஸ்திரிப் பெட்டியை யாருடைய சட்டை மேலோ வைத்து மறந்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

"சட்டை கருகுது," என்றாள் டீச்சர்.

"கருகட்டும் அண்ணி."

அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் சாவியைத் திருகினான். டீச்சர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை எப்போ மாத்துவாங்க மேடம்?"

"உத்தரவு இந்த வாரத்துக்குள்ள வரும். துணிமணியைக் கட்டி வெச்சுக்கோங்க." அதிகாரி கண்ணைத் துடைத்தாள். பஞ்சாகவும் இருக்கலாம். "கொஞ்சம் தூரம்தான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும். வேற ஒண்ணு கேட்கணும்." டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "அந்த முகாம்ல பிள்ளைங்க இருக்காங்களா?"

அதிகாரி டிரைவரைப் பார்த்தாள். அவன் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான்.

"உங்ககிட்ட அதை நான் சொல்லக் கூடாதும்மா. தடை உத்தரவுல இருக்கறவங்க நீங்க."

"சரி மேடம்."

டீச்சர் கதவை விட்டாள். ஜீப் உறுமி, கொஞ்ச தூரம் நகர்ந்து, நின்றது. ஜன்னல் வழியே அதிகாரியின் தலை வெளியே நீண்டது.

"நிறைய," என்றாள்.